விசிலைக் கழற்றிய பிறகு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற கால்பந்துப் பயிற்சியாளர்கள் பலருக்கு 60 தாண்டியிருக்கும். மணி சாயங்காலம் 4. இந்நேரம் கிரவுண்டில் நிற்க வேண்டிய கால்கள் நாற்காலிக்கு அடியில் ஆடிக்கொண்டிருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. அந்தக் கால்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

வேலையை விட்ட கால்பந்துப் பயிற்சியாளருக்கு எது குறைகிறது? பந்து குறைகிறது என்பார்கள். பந்துக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்? வியாசர்பாடிப் பக்கம் நடந்தால் காலில் வந்து இடிக்கும். குறைவது முடிவெடுக்கும் வேலை. மழை பெய்த தரையில் பசங்களை ஓட விடலாமா, கணுக்கால் வீங்கியவனை உட்கார வைப்பதா, 70-வது நிமிடத்தில் யாரை இறக்குவது என்று நாள் முழுக்கச் சின்னச் சின்ன முடிவுகள். பணி முடிந்த மறுநாளும் காலை 4.30-க்குக் கண் திறந்துவிடும். அன்றைக்கு முடிவு செய்ய மிச்சமிருப்பது காபிக்குச் சர்க்கரை வேண்டுமா என்பது மட்டும்தான். அதையும் டாக்டர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்! அப்புறம் என்ன, வீட்டில் இருப்பவர்களுக்கு கோச்சிங் ஆரம்பமாகிவிடும். அங்கே அவரை மாற்ற சப்ஸ்டிட்யூட் கிடையாது.

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணிக்கு மேனேஜராக இருந்த பில் ஷாங்க்லியை எல்லோருக்கும் தெரியும். 1959-இல் பொறுப்பேற்று, 1974-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கையோடு விலகினார். வயது 60. விலகியவர் பயிற்சி நடக்கும் மெல்வுட் மைதானத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆட்டக்காரர்கள் அவரைத்தான் 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பாப் பெய்ஸ்லிக்கு அது எப்படி இருந்திருக்கும்? கடைசியில் அங்கே போவதையே ஷாங்க்லி நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் உதறியது பதவியை. காலை வழக்கத்தை அல்ல. ஆர்சன் வெங்கரைப் பாருங்கள். இன்னொரு இங்கிலாந்து அணியான ஆர்செனலில் 22 வருடம் மேனேஜராக இருந்துவிட்டு 2018-இல் இறங்கினார். அடுத்த வருடம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் கால்பந்து வளர்ச்சிப் பொறுப்பில் உட்கார்ந்தார். மேஜை வேறு, வேலை வேறு. பழைய வாசலில் போய் நிற்கத் தேவையிருக்கவில்லை.

நம் நாட்டிலோ இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கித் தந்தவர். புற்றுநோயோடு போராடி 1963 ஜூனில் காலமானார். ஓய்வுக்காலம் என்று ஒன்றை அவர் பார்க்கவே இல்லை. ஓய்வை எப்படி வாழ்வது என்று அவரிடம் கற்க நமக்கு வழியில்லாமல் போயிற்று.

சரி, நடைமுறைக்கு வருவோம். பொறுப்பை ஒரே தடவையில், எழுத்தில் ஒப்படையுங்கள். நோட்டில் ஆட்ட வியூகம் வேண்டாம், புதியவர் அதைப் படிக்கப்போவதில்லை. யாருக்கு எந்த முழங்காலில் பழைய அடி, யார் சாப்பிடாமல் பயிற்சிக்கு வருகிறான், யாரைக் கூட்டத்தில் வைத்துத் திட்டினால் ஒரு வாரம் வரமாட்டான், இவைதான் அவருக்குக் கிடைக்காத தகவல்கள். பிறகு மூன்று மாதம் அந்த கிரவுண்டுப் பக்கம் போகாதீர்கள். பசங்க போன் செய்து, "சார், புது சார் என்னை டிபென்ஸ்ல போடுறாரு" என்பார்கள். "அவர்கிட்டயே கேளுப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ஒரு சொல் கூடினால் அந்த டீமுக்கு இரண்டு கோச்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. கிரவுண்டில் இருந்தவரை தினமும் மூன்று, நான்கு மணி நேரம் நின்றீர்கள், நடந்தீர்கள். அது நின்றுபோயும் இட்லியின் எண்ணிக்கை குறையவில்லை. இடுப்புச் சுற்றளவு ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 65 தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலைப் பயிற்சி. மெரினா நடையோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். விழாமல் காப்பாற்றுவது அந்த மூன்றாவதுதான். சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள்.

நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் பார்ப்பது இன்னொரு தொல்லை. கோச்சின் கண் ஆட்டத்தைப் பார்க்காது, தப்பைத்தான் பார்க்கும். முதல் பாதி முழுக்க ஒரு கோல்கீப்பரை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதும் அவர் பெனால்ட்டி ஏரியாவின் விளிம்புவரை முன்னேறுவதும், பின்வாங்குவதும், தனக்குத்தானே கத்துவதும் எத்தனை வருடமாக உங்கள் கண்ணில் படாமல் இருந்தது என்பது தெரியும்.

இனி நான் மிகவும் நம்பிச் சொல்லும் வேலை: பந்து பழுது பார்ப்பது. பள்ளிக்கூடங்களில் காற்றுப்போன பந்துகள் மூட்டையாகக் கிடக்கின்றன. பல பந்துகள் கெடுவது ஆட்டத்தில் அல்ல, பம்ப் அடிக்கும்போது. உலர்ந்த ஊசியைக் குத்தினால் வால்வின் ரப்பர் கிழியும். ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, ஊசியைச் சுழற்றாமல் நேராக இறக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பரை இளக்கிவிடும். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் பந்துக்கு விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று, அந்தப் பந்துக்கு எவ்வளவு என்று வால்வு பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். சைக்கிள் கடை பம்ப்பில் கணக்கில்லாமல் அடித்தால் தையல் விடும். 25 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. அடித்த பந்தை மே மாத வெயிலில் காருக்குள் விட்டு, அது 50 டிகிரிக்குச் சூடானால் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் தானாக ஏறும். தைக்காமல் பசையால் ஒட்டிய பந்தாக இருந்தால் பசையும் இளகும்.

பந்துக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் பைதான் பிளாடர். லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பர் பிளாடர் சில நாளிலேயே தானாகக் காற்றிறங்கும். அதைப் பஞ்சர் என்று தூக்கிப்போடாதீர்கள். பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் பிளாடர் அப்படி இறங்கினால் சந்தேகப்படலாம். தையல் பிரிந்திருந்தால் காற்றை முழுக்க இறக்கி, கரண்டிக் காம்பால் பிளாடரை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் மெழுகு நூலால், வளைந்த ஊசியில் பழைய துளைகளிலேயே தையுங்கள். புதுத் துளை போட்டால் அந்த இடம் தாள் மாதிரி கிழியும். ஒரு பந்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எந்த நூல், எங்கே முடிச்சு, இது தேறுமா தேறாதா என்று முழுக்க உங்கள் முடிவு, ஸ்கோர்போர்டும் கிடையாது.

முடித்ததும் பாதி அளவு காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, வால்வைக் கண் முன்னால் திருப்பிப் பிடியுங்கள். தையலில் ஒட்டியிருந்த காற்று முதலில் நாலைந்து குமிழியாக வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்கப்புறம் குமிழி வரவில்லை என்றால் துடைத்து, மீதிக் காற்றை அடித்து, வாசலில் காத்திருக்கிற பையனிடம் கொடுத்துவிடலாம்.