கயானியின் அரசு மருத்துவர் எலியாஸ் லொண்ரொத்

அவைத் தலைவர் அவர்களே, அன்பர்களே,

பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவை உதயணன் 1994இல் தமிழில் செய்யுளாகவே தந்தார். ஆதலால் அதைத் தொகுத்த எலியாஸ் லொண்ரொத்தின் பெயரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அவர் இருபது ஆண்டுகள் அரசு மருத்துவராக ஊழியம் செய்தவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த ஊழியத்தை ஒதுக்கிவிட்டு அவருடைய இலக்கியப் பணியை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

1802இல் சம்மத்தியில் ஒரு ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்த அவர், மருத்துவப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளே பின்னிய மக்களின், அதாவது பின்லாந்து மக்களின், மந்திர வைத்தியம்தான். 1833இல் பின்லாந்தின் கயானி என்னும் ஊரில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது, அந்த வட்டாரம் பஞ்சத்தாலும் தொற்றுக் காய்ச்சலாலும் வாடிக்கொண்டிருந்தது. அவரும் அந்நோய்க்கு ஆளாகிப் பிழைத்தார். கயானிக்குக் கிழக்கே, எல்லைக்கு அப்பாலிருந்த கரேலியா என்னும் பகுதியின் சிற்றூர்களில்தான் பழம்பாடல்கள் உயிரோடு இருந்தன. 1834இல் லத்வயார்வி என்னும் ஊரில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற முதிய பாடகரைக் கண்டார். அம்முதியவர் மூன்று நாள் பாடினார். லொண்ரொத் எழுதிக்கொண்டே இருந்தார். மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் தம் தந்தையும் ஒரு பணியாளரும் நெருப்பருகே கைகோத்து அமர்ந்து, ஒரு பாட்டைக்கூட இருமுறை பாடாமல் விடிய விடியப் பாடியதைச் சிறுவனாக இருந்து கேட்டதாக அர்ஹிப்பா அவரிடம் சொன்னார். இப்படித் திரட்டிய பாடல்களே 1835இல் கலேவலாவாகி, 1849இல் 50 பாடல்களும் 22,795 அடிகளும் கொண்டு விரிந்தன.

அக்காலத்தில் நாட்டை ஆண்டது ரஷ்யப் பேரரசு. ஆட்சிமொழியோ ஸ்வீடிய மொழி. பெரும்பான்மையான குடியானவர்கள் அறிந்ததோ பின்னிய மொழி ஒன்றே. அதனால்தான் அவர் 1839இல் குடியானவர்களுக்கென்று வீட்டு வைத்திய நூல் ஒன்றைப் பின்னிய மொழியில் வெளியிட்டார். சட்ட அறிஞர் பால்மேன் ஸ்வீடிய மொழியில் எழுதிய சட்டக் கையேட்டை 1863இல் மொழிபெயர்த்தார். பின்னிய மொழிக்கு ஸ்வீடிய மொழியோடு சமநிலை தரும் அரசாணை பிறந்ததும் அதே ஆண்டில்தான். காவியத்தைக் கொண்டாடும் நாம் இவ்விரு நூல்களையும் அதற்கு அருகிலேயே வைத்துப் போற்ற வேண்டும் என்பேன். மூன்றும் ஒரே மக்களுக்காக ஒரே மனிதர் செய்தவை.

1853இல் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் பின்னிய மொழிப் பேராசிரியரானார். 1880இல் அவர் நிறைவு செய்த பின்னிய–ஸ்வீடிய அகராதி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. மருத்துவத்துக்கென அவர் ஆக்கிய சொற்களில் பலவற்றை இன்றும் பின்லாந்தின் மருத்துவர்கள் நோயாளிகளிடம் அன்றாடம் வழங்குகிறார்கள்.