வாடகை வைப்பதும் ஆள் பார்ப்பதும்: முதல்முறை வீடு விடுகிறவர்களுக்கு

வணக்கம். எனக்குப் பின்னால் தெரிவது காலி வீடு. நேற்றுதான் பெயின்ட் வேலை முடிந்தது, இன்னும் வாசனை போகவில்லை. போன தடவை இதே வீட்டை வாடகைக்கு விட்டபோது நான் செய்த தவறை இன்றைக்குச் சொல்கிறேன். முதல்முறை வீடு விடப் போகிறவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவோ, அதையே வாடகையாக வைத்தேன். வீடு பார்க்க வருகிறவருக்கும் என் கடனுக்கும் என்ன சம்பந்தம்? அவர் அக்கம்பக்கத்தில் இதே அளவு வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறார். நாமும் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் விளம்பரத்தில் இருப்பது ஓனர் கேட்கிற தொகை. அது வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால், அந்தத் தொகைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். சட்டென்று எடுக்கப்படுகிற விளம்பரங்களைக் குறித்து வையுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். மாதம் 100 என்று உடனே விட்டால் வருடத்துக்கு 1200. 110 கேட்டு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 11 மாதத்துக்கு 1210. அந்தக் காத்திருப்பில் கிடைத்தது வெறும் 10. இரண்டு மாதம் கிடந்தால் 1100தான், அதாவது 100 நஷ்டம்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்றாவது மாதம் ஒருவர் வந்து "நாளைக்கே குடி வருகிறேன்" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் வாடகை நின்றது. வீட்டைத் திரும்ப வாங்குவதற்குள் பட்ட பாடு வேறு யாருக்கும் வேண்டாம்.

அதனால் இந்தத் தடவை யார் முகத்தையும் பார்ப்பதற்கு முன்பே நிபந்தனைகளை எழுதி வைத்துவிட்டேன். வாடகை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். வேலைக்கும் அடையாளத்துக்கும் ஆவணம் வேண்டும். வருகிற எல்லோரிடமும் இதையேதான் கேட்பேன். பேரையும் ஊரையும் குடும்பத்தையும் வைத்து ஆளை எடைபோடுவது அநியாயம், பல நாடுகளில் சட்டப்படியும் தவறு.

அப்புறம் முக்கியமான ஒன்று. வருகிறவரைப் பற்றி, அவர் இப்போது குடியிருக்கும் வீட்டு ஓனரிடம் மட்டும் விசாரிக்காதீர்கள். ஆளைக் கிளப்பிவிட நினைக்கிறவர் புகழ்ந்துதான் பேசுவார். அதற்கு முந்தைய ஓனருக்கு அந்த அவசியம் இல்லை. "வாடகை தேதிக்கு வந்ததா? காலி செய்யும்போது வீடு எப்படி இருந்தது? மறுபடியும் இவருக்கே விடுவீர்களா?" இந்த மூன்றும் போதும். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலை இரண்டு பேர் வீடு பார்க்க வருகிறார்கள். சாவி கொடுக்கும் நாளில் குடிவருகிறவரோடு சேர்ந்து சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளப் போகிறோம். ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்பதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.