இரண்டு பேர், ஒரு வேன்

அனைவருக்கும் வணக்கம். வேலூர் வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்: ‘தி பிளாக் கீஸ்’ என்ற, இரண்டே பேர் கொண்ட அமெரிக்க இசைக்குழு.

என் அப்பா அரக்கோணம் பக்கம் ஒரு டயர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாலும் கையில் ரப்பர் வாசனை போகாது. அந்த வாசனையோடு வளர்ந்தவன் நான். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், ஆக்ரன் என்று ஓர் ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனிகள் இரண்டும் பிறந்த ஊர். ஒரு காலத்தில் உலகத்துக்கே ரப்பர் தலைநகரம். அந்த ஊர்ப் பையன்கள் இருவர், டான் ஆவர்பாக்கும் பேட்ரிக் கார்னியும், 2001இல் இந்த ‘தி பிளாக் கீஸ்’ குழுவை ஆரம்பித்தார்கள். ஆவர்பாக்குக்கு கிட்டாரும் பாட்டும், கார்னிக்கு டிரம்ஸ். 2004இல் மூடிக்கிடந்த ஒரு டயர் தொழிற்சாலைக்குள் போய் ஓர் ஆல்பம் பதிவு செய்தார்கள். பெயரே ‘ரப்பர் ஃபேக்டரி’. அது தெரிந்த நாளிலிருந்து அவர்கள் எனக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

சரி, இரண்டே பேர் வாசித்தால் எப்படி நிறைகிறது? அடி ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் கிடையாது. அதனால் தடித்த கம்பிகளில் கிட்டார்தான் அடிநாதத்தையும் தாங்கவேண்டும். மேல் கம்பிகளில் பாட்டுக்குப் பதிலும் சொல்லவேண்டும். ஆவர்பாக் ஆம்ப்ளிஃபயரைக் கரகரவென்று உறுமும் அளவுக்கு ஏற்றிவிடுகிறார். கை கொஞ்சம் தயங்கினாலும் மூடி மறைக்க ஆள் இல்லை. டிரம்ஸ் கடிகாரம் மாதிரி ஓடாது. கிட்டார் முந்தினால் முந்தும், இழுத்தால் இழுக்கும்.

நம் ஊர் அம்மன் திருவிழாவில் பம்பைக்காரரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இடுப்பில் கட்டிய இரண்டு பறைகள், கையில் வளைந்த குச்சி. அவர் கண் பம்பையில் இருக்காது. சாமியாடுபவரின் பாதத்தில் இருக்கும். பாதம் எப்போது தரையை மிதிக்கிறதோ அப்போது குச்சி விழும். கார்னி டிரம்ஸை நான் முதல்முறை கேட்டபோது எனக்கு அந்தப் பாதம்தான் நினைவுக்கு வந்தது. இசை வேறு, மரபு வேறு. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தே வாசிப்பது இரண்டிலும் இருக்கிறது.

இந்தப் பாணியை இவர்கள் எங்கே கற்றார்கள்? மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கே மேட்டு நிலத்தில் வாழ்ந்த கறுப்பினக் கலைஞர்களிடம். ஜூனியர் கிம்ப்ரோ, ஆர்.எல். பர்ன்சைட் என்று இரண்டு பெரியவர்கள். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு மரபு. வழக்கமான ப்ளூஸில் மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மாறி மாறி வரும். அந்தப் பெரியவர்களுடைய பாட்டு பல நேரம் ஒரே கார்டில் நிற்கும். ஒரு சிறு வரிசை சுற்றிச் சுற்றி வரும், ஆடுகிறவர்கள் சொக்கிப்போகும் வரை. பர்ன்சைட் பேஸ் இல்லாமலேயே ஊர் ஊராகப் போனவர். டிரம்ஸில் அவருடைய பேரன். கிம்ப்ரோவுக்கு உலகம் அறிந்த முதல் ஆல்பம் 1992இல், அறுபது வயது தாண்டித்தான் வந்தது. 1998இல் இறந்துவிட்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

இனி பயணம். ஆரம்ப வருடங்களில் ஒரு பழைய வேனில் டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபயரையும் ஏற்றிக்கொண்டு தாங்களே ஓட்டிப் போனார்கள். பங்குனி, சித்திரையில் பாரதக் கூத்து ஆடும் நம் ஜமாக்களைக் கேளுங்கள்: விடிய விடிய ஆட்டம், காலையில் அரிதாரம் கலைத்து, பெட்டியைக் கட்டி, அடுத்த ஊர். இரண்டே பேர் என்றால் செலவு குறைவு. அதனால்தான் தாக்குப்பிடிக்கவும் முடிந்தது.

2010இல் வந்த ‘பிரதர்ஸ்’ மூன்று கிராமி விருதுகள் வாங்கியது. அப்புறம் மேடையில் கூடுதல் கலைஞர்களும் சேர்ந்தார்கள். நல்ல இசைதான். எனக்கு என்னவோ அந்தப் பழைய வேன் நாட்கள்தான்.

2006இல் கிம்ப்ரோவின் பாடல்களை மட்டுமே எடுத்து ஒரு சிறிய தொகுப்பு போட்டார்கள். அதன் கடைசியில் பாட்டு இல்லை. கிம்ப்ரோவின் மனைவி தொலைபேசியில் விட்டுச்சென்ற குரல், இந்தப் பையன்கள் வாசித்ததைப் பாராட்டிப் பேசுகிறது. அதை இப்போது போடுகிறேன். தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திவிடு. அம்மா மெதுவாகத்தான் பேசுவார்.