வெளுத்ததெல்லாம் பாலா?

அவைத் தலைவர் அவர்களே, இருநோக்கியைக் கழுத்தில் மாட்டியபடியே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பறவைக் கணக்கெடுப்புப் படிவங்களை அச்சிட்டுத் தரும் செயலாளர் அவர்களே (உங்களிடம் ஒரு கோரிக்கை உண்டு, பிறகு வருகிறேன்), எல்லோருக்கும் வணக்கம்.

பறவையைத் தப்பில்லாமல் அடையாளம் காணத் தோற்றம், குரல், இறகுதிர் பருவம் என்று மூன்றைப் பேச வந்தேன். வெளுத்ததெல்லாம் பாலா? வல்லூறையும் அக்காக்குயிலையும் பாருங்கள். இரண்டுக்கும் சாம்பல் முதுகு, வாலில் பட்டை; பறக்கிற விதம்கூட ஒன்றுதான். அக்காக்குயில் குறுக்கே போனால் வல்லூறென்று சிறு பறவைகளே பதறிக் கூச்சலிடும். அலகு தெரிந்தால் வழக்கு தீர்ந்தது: வல்லூறுக்குக் கொக்கி, குயிலுக்கு மெலிந்த அலகு. எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாமே கறுப்பு. சூரியனை முதுகுப்பக்கம் வைத்து நில்லுங்கள். முதலில் அலகு, பிறகு கால், பிறகு வால். நிறம் கடைசியில்.

குரலுக்கு வருவோம். இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற ஊரில் கில்பர்ட் வைட் என்றொரு பாதிரியார். மஞ்சளும் பச்சையுமாய் விரலளவுக் கதிர்க்குருவிகள், கண்ணுக்கு எல்லாம் ஒரே அச்சு. அவர் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்று 'சிஃப்-சாஃப், சிஃப்-சாஃப்' என்று இரண்டே சுரத்தில் தட்டுகிறது. இன்னொன்று படியிறங்குவதுபோல இழைந்து முடிக்கிறது. மூன்றாவது மர உச்சியில் வெட்டுக்கிளி மாதிரிக் கிறீச்சிடுகிறது! அதோடு விட்டாரா? மூன்றையும் கையில் வைத்துப் பார்த்தார்: பெரியதன் சிறகு நுனியில் வெள்ளை, சிறியதன் கால் கறுப்பு. 1768 ஆகஸ்டில்தான் 'மூன்றும் வெவ்வேறு இனம்' என்று கடிதம் எழுதினார்.

காதை மட்டும் நம்பாத மனிதர், கவனியுங்கள். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து விடும். கைப்பேசிச் செயலி அதைக் கேட்டு, மரத்தில் இல்லாத பறவைக்குப் பெயர் சொல்லும். நாமும் படிவத்தில் ஏற்றிவிடுகிறோம். வெளுத்ததெல்லாம் பாலா, ஐயா? செயலி சொன்னால் அது துப்பு, சாட்சி அல்ல. அரை நிமிடமாவது ஒலியைப் பதியுங்கள், கையை ஆட்டாமல். முடிவில் தேதி, நேரம், இடத்தை உங்கள் வாயாலேயே சொல்லி நிறுத்துங்கள். சுருக்காத கோப்பாக வையுங்கள். சுருக்கினால் நுண்ணிய சுரங்கள் போய்விடும்.

செயலாளர் அவர்களே, கோரிக்கை இதுதான். படிவத்தில் 'இதுவோ அதுவோ' என்று ஒரு கட்டம் வேண்டும். கட்டம் இல்லாததால்தான் தெரியாதவரும் ஏதோ ஒரு பெயரை எழுதுகிறார். இரண்டு விரல் அகலம் போதும். அடுத்த அச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

இறகுதிர் பருவமா? தலைவர் மணியடித்துவிட்டார்.