மாங்குளம் சந்தியையும் ஒரு கேமாக்கலாம்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில இருந்து இண்டைக்கு ஒரு கேமைப் பற்றிக் கதைக்கப் போறன். படமே இல்லாத கேம். திரையில நாலு வரி எழுத்து வரும். அதை வாசிச்சிட்டு, அடுத்தது என்ன செய்யப் போறியள் எண்டு நீங்கள் டைப் பண்ண வேணும்.

சோர்க் எண்ட கேமை எடுங்கோ. தொடங்கேக்க ஒரு வெள்ளை வீட்டுக்கு மேற்குப் பக்கம் நிக்கிறியள். முன்கதவு பலகை அடிச்சு மூடிக் கிடக்கு. அதில ஒரு சின்னத் தபால் பெட்டி. ‘ஓப்பின் மெயில்பொக்ஸ்’ எண்டு அடிச்சா உள்ளுக்க ஒரு துண்டுப்பிரசுரம் இருக்கும். அதில இருந்து போகப் போக, நிலத்துக்குக் கீழ ஒரு பெரிய ராச்சியமே வரும். விளக்கு இல்லாமல் இருட்டுக்க நடந்தீங்களெண்டா ஏதோ ஒண்டு வந்து தின்னும்!

1970களில அமெரிக்காவில எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில எழுதின கேம் இது. இண்டைக்கும் எப்பிடி ஓடுது? அதை எழுதின ஆக்கள் 1979இல இன்ஃபோகொம் எண்டு ஒரு கொம்பனி தொடங்கி, கற்பனையா ஒரு கொம்பியூட்டரை வடிவமைச்சினம். பேர் இசட்-மெஷின். கேம் ஃபைல் அந்தக் கற்பனை மெஷினுக்குத்தான் எழுதினது. உங்கட லப்டொப்பில அந்த மெஷின் போல நடக்கிற ஒரு அப் இருந்தாக் காணும், பழைய ஃபைல் அப்பிடியே ஓடும்.

நான் பாவிக்கிற அப் லெக்ட்ரோட். அன்ட்ரூ ப்ளொட்கின் செய்தது, அவர் இப்பிடியான கேம் எழுதிறதிலயும் பேர் போனவர். இலவசம். விண்டோஸ், மக், லினக்ஸ் மூண்டிலயும் ஓடும். முந்தின மாதிரிக் கறுத்தத் திரை இல்லை, ஒரு புத்தகப் பக்கம் போல இருக்கும். எழுத்தின்ர அளவு, நிறம் எல்லாம் மாத்தலாம். ஆனா குரோம் பிரவுசரின்ர அடிப்படையை உள்ளுக்க வைச்சிருக்கிறதால அப் கொஞ்சம் பாரம். லப்டொப் நல்லாப் பழசெண்டா ‘கார்கோயில்’ எண்ட அப்பைப் போடுங்கோ, அதுவும் இலவசம்தான். கேம் ஃபைலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சோர்க் காலத்து ஃபைல் ஒண்டு 128 கிலோபைட்டைத் தாண்டாது. ஒருக்கா இறக்கினாப் பிறகு டேட்டாவே தேவையில்லை.

விளையாடேக்க ஒரு கொப்பியும் பென்சிலும் கட்டாயம் வைச்சிருங்கோ. எந்தப் பக்கம் போனா எது வருது எண்டு நீங்களே வரைபடம் கீற வேணும். பிள்ளையளோட இருந்து விளையாடிப் பாருங்கோ, திசையும் வரும், இங்கிலிஷ் வினைச்சொல்லும் தானா வரும்.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். இந்த வகைக்கு வழி திறந்த கேமை 1970களின்ர நடுவில எழுதினவர் வில் க்ரௌதர். அவர் குகைகளுக்க இறங்கி அளந்து வரைபடம் கீறின மனிசன். கென்டக்கியில இருக்கிற மம்மத் குகையில தான் நடந்த பாதையைத்தான் கேமில வைச்சவர். தெரிஞ்ச இடத்தை எழுதினார், உலகமே விளையாடிச்சு.

அப்ப எங்கட இடம்? மாங்குளம் சந்தியில நில்லுங்கோ. வடக்கே கிளிநொச்சி, தெற்கே வவுனியா, கிழக்கே ஒட்டுசுட்டான், மேற்கே வெள்ளாங்குளம். கேமில ஒரு அறைக்கு நாலு வாசல் இருக்கிற மாதிரியே இருக்கெல்லோ! வடக்கே போனா முறிகண்டிப் பிள்ளையார். அதில இறங்கித் தேங்காய் உடைக்காமல் கேம் உங்களைக் கிளிநொச்சிக்கு விடக்கூடாது. கச்சான் வாங்கினா அது பிறகு எங்கேயாவது உதவ வேணும்.

தமிழ் எழுத்து லெக்ட்ரோட்டில பிரச்சினையில்லை. வேலை இருக்கிறது கட்டளையை விளங்கிக்கொள்ளுற இடத்தில. இங்கிலிஷ் கேம் முதல் சொல்லில வினையைத் தேடும், நாங்கள் ‘விளக்கை எடு’ எண்டு வினையைக் கடைசியில வைப்பம். ‘விளக்கை’, ‘விளக்கால’, ‘விளக்கில’ எல்லாம் ஒரே சாமான்தான் எண்டதையும் அதுக்குச் சொல்லிக்குடுக்க வேணும். கஷ்டமான வேலைதான், ஆனா செய்யலாம். இப்பிடிக் கேம் எழுதிறதுக்கெண்டு கிரஹாம் நெல்சன் 1993இல வெளியிட்ட ‘இன்ஃபோர்ம்’ எண்ட புரோகிராமை ஸ்பானிஷ், ஜேர்மன் ஆக்கள் தங்கட மொழிக்கு மாத்தியிருக்கினம்.

மாங்குளத்தில இருந்து முறிகண்டி வரை நான் எழுதத் தொடங்கிட்டன். ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற ஆக்கள், தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில இருந்து எந்தத் திசையில என்ன இருக்கு எண்டு எழுதி அனுப்புங்கோ. சின்னக் கடை, மதகு, மரம் ஒண்டையும் விடாதேங்கோ.