நிலநடுக்கத்துக்கு ஓர் அஞ்சலட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்னால், சென்னையில் எங்கள் வீட்டில் இரவு உணவுக்கு உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது மாடி. தலைக்கு மேல் தொங்கிய விளக்கு, காற்றே இல்லாமல் ஆடத் தொடங்கியது. பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் அது, அளவு 5.5. நாங்கள் கீழே இறங்கியபோது தெருவே கூடி நின்றது.

நான் புவி இயற்பியல் கற்பிக்கிறவன் என்பது அக்கம்பக்கத்தில் தெரியும். "மறுபடியும் வருமா சார்?" என்று சூழ்ந்துகொண்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே நான் அவர்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். சட்டைப் பையில் மளிகைச் சீட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். தரைத்தளத்துப் பாட்டிக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். எல்லாரும் ஓடுகிறார்களே என்று அவரும் வந்திருக்கிறார். இரண்டாம் மாடியில் அலமாரி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. நான்காம் மாடி இளைஞரைக் கட்டிலோடு சேர்த்து யாரோ இழுத்ததுபோல் இருந்ததாம். எவ்வளவு நேரம் ஆடியது என்று கேட்டால், ஒருவர் ஐந்து விநாடி என்றார், இன்னொருவர் இரண்டு நிமிடம் என்று சத்தியம் செய்தார்.

இப்படிக் கேட்டு எழுதுவது என் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சங்கம் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஜப்பானிய நிலநடுக்கவியல் சங்கம் என்று பெயர். நிலநடுக்கத்துக்கென்றே உலகில் தோன்றிய முதல் சங்கம் அது. அதன் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1880 பிப்ரவரி 22 அன்று யோகோஹாமா நகரம் குலுங்கியது. பெரிய உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வெளிநாட்டார் குடியிருந்த பகுதியில் புகைபோக்கிகள் வரிசையாகச் சரிந்தன. ஜப்பான் அப்போது மேல்நாட்டுப் பேராசிரியர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்துத் தன் கல்லூரிகளை நிரப்பிக்கொண்டிருந்த காலம். வந்தவர்களில் பலருக்குக் காலடியில் தரை ஆடுவது முற்றிலும் புதிய அனுபவம். தன் வீட்டுப் புகைபோக்கி விழுந்தால்தான் சிலருக்கு அறிவியல் ஆர்வம் பிறக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில வாரங்களில் சங்கம் கூடிவிட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டார். என்றாலும் தலைவராக ஹத்தோரி இச்சிஸோ என்ற ஜப்பானியரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஓடியாடி வேலை செய்தவர் ஜான் மில்ன். லிவர்பூலில் பிறந்தவர், தோக்கியோவின் பொறியியல் கல்லூரியில் சுரங்கவியலும் நிலவியலும் கற்பித்தவர். கப்பலில் ஏறினாலே குமட்டல் வரும் என்பதால் இங்கிலாந்திலிருந்து சைபீரியா, மங்கோலியா வழியாகப் பெரும்பாலும் தரை மார்க்கமாகவே ஜப்பானுக்குப் போனவர். மாதக்கணக்கில் நீண்ட பயணம். கடல் ஆட்டத்துக்கு அஞ்சியவர், தரை ஆடுகிற ஊரில் சுமார் இருபது ஆண்டுகள் இருந்தார்.

சங்கம் தொடங்கியபோது நம்பத்தகுந்த கருவிகள் கிடையாது. மில்ன் கையாண்ட உபாயம் அஞ்சலட்டை. தோக்கியோவைச் சுற்றி 100 மைலுக்குள் இருந்த ஊர்களின் அரசு அலுவலகங்களுக்குக் கட்டுக் கட்டாக அட்டைகளை அனுப்பிவைத்தார். வாரம் ஓர் அட்டை. அந்த வாரத்தில் நிலம் எப்போது நடுங்கியது என்று எழுதித் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், அலுவலகக் குமாஸ்தாக்கள். ஓர் ஊரில் அதிர்வு உணரப்பட்டு அடுத்த ஊரில் உணரப்படாவிட்டால், அந்த "இல்லை" என்ற பதிலுக்கும் மதிப்பு உண்டு. எங்கள் தரைத்தளப் பாட்டியைப் போல.

வந்த அட்டைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது ஒரு செய்தி துலங்கியது. தோக்கியோவை ஆட்டுகிற நடுக்கங்களில் பெரும்பாலானவை வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும், அதாவது பசிபிக் கடல் பக்கமிருந்து வருகின்றன. மேற்கே உள்ள மலைத்தொடரைத் தாண்டி வருபவை அரிது. இதற்கான காரணத்தை, அதாவது பசிபிக் கடலடியில் உள்ள பிரம்மாண்டமான பாறைத் தட்டு ஜப்பானின் கீழே செருகிக்கொண்டு போகிறது என்பதை, உலகம் ஏற்றுக்கொள்ள இன்னும் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. காரணம் தெரியாமலே அட்டைகள் சரியான திசையைக் காட்டிவிட்டன. பிற்பாடு இந்த வேலையை அரசே எடுத்து விரிவாக்கியது. 1885 முதல் 1892 வரை ஜப்பானில் உணரப்பட்ட 8331 நிலநடுக்கங்களின் பட்டியலை மில்ன் அச்சிட்டார். எண்ணிப் பாருங்கள், எட்டு ஆண்டுகளில் சராசரியாக நாளுக்கு ஏறக்குறைய மூன்று.

கருவிப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. மில்ன், தாமஸ் கிரே, ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் ஆகிய மூவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் நிலநடுக்கப் பதிவிகளைச் செய்து பார்த்தார்கள். யூயிங்கின் கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்றை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார்கள். அது கடிகாரம்போல் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். கிடையாகத் தொங்கும் ஊசல் ஒன்றிலிருந்து நீளும் ஊசி, அந்தக் கரியின் மேல் பட்டும் படாமலும் இருக்கும். தரை ஆடும்போது ஊசல் உடனே கூட ஆடாது, தட்டு ஆடும். ஊசி கரியைக் கீறி ஒரு வெள்ளைக் கோடு போடும். அந்தக் கோடுதான் பூமியின் கையெழுத்து. விரல் பட்டால் அழிந்துவிடும் என்பதால் அரக்குப் பூசிக் காயவைத்து, அதை அப்படியே நகல் எடுப்பார்கள்.

எந்தக் கருவி யாருடைய யோசனை என்பதில் மில்னுக்கும் யூயிங்குக்கும் மனத்தாங்கல் வந்தது. இருவரும் அச்சில் எழுதியே மோதிக்கொண்டார்கள். சங்கம் என்றால் சண்டை இல்லாமல் முடியுமா? நான் உறுப்பினராக இருக்கும் சங்கத்தில் ஆண்டுக் கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கே மூன்று கூட்டம் போடுவோம். ஆனால் அவர்கள் சண்டையில் ஒரு நன்மை விளைந்தது. என் கருவிதான் மேல் என்று காட்ட ஒவ்வொருவரும் அளவுகளை அக்குவேறு ஆணிவேறாக வெளியிட வேண்டியதாயிற்று.

மில்னும் கிரேயும் நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. கனமான இரும்புக் குண்டை உயரத்திலிருந்து கீழே போட்டார்கள். பிறகு மண்ணில் டைனமைட் வெடித்தார்கள். அதிர்வு எவ்வளவு வேகத்தில் மண்ணுக்குள் ஓடுகிறது என்று அளந்தார்கள். காவிரிப் படுகையில் வயலோரம் துளையிட்டு வெடி வைத்து எண்ணெய் தேடியவர்களை நேயர்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். அவர்கள் செய்ததும் இதே வேலைதான்.

எனக்கு மிகப் பிடித்தது செகியா செய்கெய் செய்த கம்பி உருவம். நிலநடுக்கவியலுக்கென்றே நியமிக்கப்பட்ட முதல் பேராசிரியர் அவர். 1887 ஜனவரி 15 நடுக்கத்தின்போது தரையின் ஒரு துகள் எந்த வழியில் எல்லாம் போயிற்று என்பதை 50 மடங்கு பெரிதாக்கிச் செப்புக் கம்பியால் வளைத்துக் காட்டினார். 72 விநாடி ஆட்டம். ஒரே உருவமாகச் செய்தால் சிக்கிவிடும் என்பதால் மூன்று துண்டுகள். பார்த்தால் குழந்தை கையில் கிடைத்த நூல்கண்டு மாதிரி இருக்கும். நிலநடுக்கம் என்றால் இப்படியும் அப்படியும் ஒரே கோட்டில் ஆடுவது என்று நினைத்திருந்தவர்களுக்கு, அந்தக் கம்பிச் சிக்கலைக் காட்டினால் போதும்.

1891 அக்டோபர் 28 அன்று நடு ஜப்பானின் மினோ, ஓவாரி பகுதிகளை ஒரு பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இது இனி ஆர்வலர்களின் மாலை நேரக் கூட்டத்தில் தீரும் விஷயம் அல்ல என்று அரசு உணர்ந்தது. அடுத்த ஆண்டே அரசின் நிலநடுக்க ஆய்வுக் குழு ஏற்பட்டது. சங்கம் அதே 1892இல் கலைந்தது. வெளிநாட்டார் பலர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தனர். பன்னிரண்டே ஆண்டு ஆயுள். இதைத் தோல்வி என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையைச் செய்ய வேண்டியவன் வந்து வாங்கிக்கொண்டான், இவர்கள் எழுந்து போனார்கள்.

மில்ன் மட்டும் விடவில்லை. 1895 பிப்ரவரியில் தோக்கியோவில் அவர் வீடும் நூல்களும் கருவிகளும் தீயில் போயின. ஜப்பானிய மனைவி தோனேவுடன் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் ஷைடு என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே பழைய அஞ்சலட்டைப் புத்தி மறுபடி வேலை செய்தது. இம்முறை 100 மைல் அல்ல, உலகம் முழுவதும். ஒரே மாதிரியான மில்ன் கருவிகள் கண்டம் கண்டமாக வைக்கப்பட்டன. பதிவுகள் தபாலில் ஷைடுக்கு வரும். அவற்றை அச்சிட்டு எல்லா நிலையங்களுக்கும் அனுப்புவார்.

நம் நாட்டில் 1897 அஸ்ஸாம் பெருநடுக்கத்துக்குப் பிறகு கல்கத்தாவின் அலிப்பூரிலும் பம்பாயின் கொலாபாவிலும் அக்கருவிகள் வந்தன. மூன்றாவது இடம் நம் கொடைக்கானல். மதராஸிலிருந்து மலைக்கு மாறிய வானாய்வுக் கூடத்தில், சூரியனைப் பார்க்கிற தொலைநோக்கிகளுக்குப் பக்கத்தில், தரையைக் கவனிக்கிற பெட்டியும் ஒன்று உட்கார்ந்தது. பழனி மலையிலிருந்து வைட் தீவுக்குத் தபால் போயிற்று.

1913இல் மில்ன் மறைந்தார். அந்தக் கணக்கு ஏடு ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ என்று கைமாறி, இன்று பன்னாட்டு நிலநடுக்க மையமாக இங்கிலாந்தில் தொடர்கிறது. அஞ்சலட்டைக்கும் வாரிசு இருக்கிறது. அமெரிக்க நில அளவைத் துறை இணையத்தில் வைத்திருக்கும் படிவத்தில், உலகின் எந்த ஊரிலிருந்தும் நடுக்கத்தை உணர்ந்தேன், உணரவில்லை என்று எவரும் எழுதலாம். 2001இல் அந்தப் படிவம் அமெரிக்காவுக்கு மட்டுமே இருந்தது, நம் ஊருக்கு எட்டவில்லை.

என் மளிகைச் சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினான்கு வீட்டுப் பதில்கள் அதில் இருந்தன, மாடி வாரியாக. மறுநாள் காலை என் மனைவி அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். துவரம்பருப்பும் புளியும் வந்தன. சீட்டு வரவில்லை.

வணக்கம்.