தெருப்பூனைக்குப் பழைய மரத்தில் ஒரு பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

தெருவில் திரியும் பூனைக்கு வெளியிலேயே ஒரு மரப்பெட்டி அடித்து வைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புது மரம் வாங்கி அல்ல. கழற்றிப் போட்ட கதவு, உடைந்த கட்டில், சரக்கு வந்து இறங்கிய பேலட் சட்டம் என்று கிடைப்பதை வைத்துச் செய்வது. மரவேலை தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. தெரியாதவர்கூட ஒரு ரம்பம், ஒரு சுத்தி, கொஞ்சம் பொறுமை இருந்தால் முடித்துவிடலாம். அதனால் பெட்டி அடிப்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் மரத்தைப் பற்றிப் பேச வேண்டும். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

ஒரு பழைய பலகையைக் கையில் எடுத்தால் நாம் என்ன பார்ப்போம்? செல்லரித்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, ஆணி தாங்குமா என்று பார்ப்போம். பூனைக்காக எடுக்கும் பலகையிடம் அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதன் மேல் இதுவரை எதைப் பூசினார்கள், எதை ஊற்றினார்கள்? ஏனென்றால் பூனை அந்தப் பலகையில் உரசும், படுக்கும், நகத்தால் பிறாண்டும். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து கால், வயிறு, வால் என்று உடம்பு முழுக்க நக்கும். ரோமத்தில் எது ஒட்டியிருந்தாலும் அது வயிற்றுக்குள் போய்விடும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சில வேதிப்பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றுவதற்கு நம் கல்லீரலில் ஒரு வழி உண்டு. நாய்க்கும் உண்டு. அந்த வேலைக்கு வேண்டிய ஒரு நொதியின் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்துபோய்விட்டது. நாம் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரை எடுத்துவிடக் கூடியது என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். பீனால் என்ற வேதிப்பொருளும் அதன் வகையறாவும் பூனைக்கு இதே காரணத்தால் ஆகாது.

சரி, மரத்தில் பீனால் எங்கிருந்து வரும்? ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகள், பழைய கம்பங்கள் போன்றவற்றைக் கிரியோசோட் எண்ணெயில் ஊற வைப்பது வழக்கம். கரித்தாரிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெயில் பீனால்கள் உண்டு. கட்டை பல வருடம் பழையதாக இருந்தாலும் வெயில் ஏறினால் கறுப்பாகக் கசியும். கனமாக, உறுதியாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.

அடுத்தது, லேசான பச்சைச் சாயலில் இருக்கும் மரம். அதில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தம் கொடுத்து ஏற்றியிருக்கலாம். இந்தக் கலவையை 1933இல் கண்டுபிடித்தவர் சோன்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. பூச்சியும் பூஞ்சையும் தொடாதபடி மரத்தைப் பல்லாண்டு காக்கும் அருமையான கலவைதான். ஆனால் ஆர்சனிக் ஆர்சனிக்தான். 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு இதைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால், வெயிலும் மழையும் பட்டு அந்தப் பச்சை வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அப்போது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கே இருந்த மரம் என்று தெரியாவிட்டால், அதுவும் தரையிலோ தண்ணீரிலோ நட்டிருந்த மரம் என்றால், விட்டுவிடுங்கள். வேண்டாம் என்று ஒதுக்கியதை அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

கரையான் மருந்து அடித்த மரமும் வேண்டாம். அப்படிப்பட்ட மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாயின் உண்ணிக்குத் தடவும் மருந்துகள் சிலவற்றில் இருப்பதும் இதேதான். நாய் தாங்கும், பூனைக்கு உடம்பு நடுங்கி வலிப்பு வரும். பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல் சட்டங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூனைக்கு முன்னால் உங்களுக்குத்தான் கெடுதல்.

இவ்வளவையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். நிறையவே மிஞ்சும். பெயின்ட் படாத கட்டில் சட்டம், அலமாரித் தட்டு, பெட்டிப் பலகை எல்லாம் நல்லவைதான். பேலட் கிடைத்தால் அதன் பக்கவாட்டில் ஒரு முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்களில் கோதுமைக் கதிர் போட்ட சின்னமும், பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் சூடு வைத்திருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் வெறும் வெப்பத்தால் பதப்படுத்தியது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும் என்பது விதி. இது நமக்கு வேண்டியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை எடுக்காதீர்கள். எச்.டி. முத்திரை இருந்தாலும் மோந்து பார்த்துவிடுங்கள். அந்தப் பேலட்டின் மேல் எந்தப் பீப்பாய் கவிழ்ந்ததோ, முத்திரை சொல்லாது. எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ இருந்தால் தள்ளி வையுங்கள்.

பிரித்தெடுத்த பலகையில் ஆணியைப் பிடுங்கிய பிறகு ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணி நிறைய அகப்படும். சிலாம்பு போகத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இனி பெட்டி. பார்த்துப் பார்த்துப் பெரிதாகக் கட்டத்தான் எல்லோருக்கும் தோன்றும். மாடி, திண்ணை, பெயர்ப்பலகை எல்லாம் வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். குளிரில் அந்தப் பெட்டிக்குள் சூடு வருவது பூனையின் உடம்பிலிருந்து மட்டும்தான். அதன் உடல் வெப்பம் 38, 39 டிகிரி. பெட்டி பெரிதானால் அந்தச் சூடு எங்கேயோ போய்விடும். உள்ளளவு 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் இருந்தால் இரண்டு பூனைகள் சுருண்டு படுக்கப் போதும். ஒரே பூனை என்றால் இன்னும் குறைக்கலாம்.

வாசலும் சிறியதாகவே இருக்கட்டும். 15 சென்டிமீட்டர் சதுரம் போதும். பூனை நுழைந்துவிடும், பெரிய நாயால் முடியாது. வாசலின் அடி விளிம்பு தரைப்பலகையிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே இருந்தால் மழைச் சாரல் உள்ளே வழியாது. வாசலை நடுவில் வெட்டாமல் ஒரு ஓரமாக வெட்டினால், படுக்கிற இடத்தில் காற்று நேராக அடிக்காது. இரண்டாவது வாசல் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு வாசல்தான் கதகதப்பு என்பார்கள், உண்மைதான். ஆனால் நாய்த் தொல்லை இருக்கும் இடத்தில் ஒரே வாசல் என்றால் பூனை உள்ளே சிக்கிக்கொள்ளும். அதற்கும் அது தெரியும், நுழையவே நுழையாது. அங்கே நான் இரண்டு வாசல்தான் வைப்பேன்.

பலகைகளைச் சுவர்போல ஒன்றையொன்று முட்ட வைத்து அடித்தால், பழைய மரம் காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விழும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு மேல்பலகையும் கீழ்ப்பலகையின் விளிம்பை மூடும்படி ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கி அடித்தால் மரம் சுருங்கினாலும் தண்ணீர் உள்ளே போகாது. கூரை பின்பக்கம் சாய்ந்து, வாசல் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கூரைக்குக் கீல் வைத்துவிடுங்கள், சுத்தம் செய்யத் திறக்க வேண்டும். திருகாணியின் முனை எங்கும் உள்ளே துருத்தக் கூடாது. நாலு மூலைக்கும் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள்.

இதெல்லாம் குளிருக்கும் மழைக்கும். வெயில் கொளுத்தும் இடத்தில் இதே சின்னப் பெட்டி பூனையை வேக வைத்துவிடும். அங்கே இரண்டு வாசல் கட்டாயம். கூரைக்குச் சற்றுக் கீழே காற்றுப்போக்கிக்குத் துளைகளும் வேண்டும். தகரம் போடுவதானால் மரக்கூரைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். எல்லாவற்றையும் விட, நிழலில் வையுங்கள்.

உள்ளே விரிக்கப் பழைய துணி, போர்வை வேண்டாம். ஈரத்தைக் குடித்துவிட்டு அப்படியே கிடக்கும். குளிரில் அதன் மேல் படுப்பது வெறும் பலகையில் படுப்பதைவிட மோசம். காய்ந்த வைக்கோல் போடுங்கள். வைக்கோல் தண்டு உள்ளே கூடாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கும், தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. ஈரமாகி நாற்றம் வந்தால் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். கோடையில் எதுவுமே தேவையில்லை.

உட்புறம் பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்க வேண்டாம். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம், நன்றாகக் காய விட்டு. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட வேண்டும். பெட்டியைக் கழுவப் பினாயில் கூடாது, சற்று முன் சொன்ன பீனால் சமாசாரம்தான். சோப்பும் வெந்நீரும் போதும்.

பெட்டியை, பூனை ஏற்கெனவே படுத்துப் பழகிய இடத்துக்குப் பக்கத்தில், வாசல் சுவரைப் பார்க்கும்படி, பூனை போய்வர இடம் விட்டு வையுங்கள். சோற்றுத்தட்டு தள்ளியே இருக்கட்டும். அந்த வாசனைக்கு மற்ற பிராணிகள் வரும். பூனையைப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள். அப்புறம் அந்தப் பக்கமே வராது. வாரக்கணக்கில் சீந்தாமல் இருந்தாலும் பொறுத்திருங்கள்.

கடைசியாக, கருத்தடை. பெண்பூனை நாலு மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். பெட்டி வைக்கும் அளவுக்கு ஒரு பூனையிடம் பழகியவருக்கு அதைக் கூண்டில் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோவதும் முடியும். அறுவை முடிந்த தெருப்பூனையின் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வைப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். அதற்குள் உங்கள் பெட்டியிலேயே அது குட்டி போட்டுவிட்டால் கூரையை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், வைக்கோலையும் மாற்றாதீர்கள். தாய்க்குச் சந்தேகம் வந்தால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். குட்டிகள் பால் மறந்த பிறகு தாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோகலாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.